போதகரை எந்தத் திசையில் கிடத்துவது

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. வீட்டருகே ஏவன்டேலில் ரயில் ஏறும்போது மழை இல்லை. ஆலயத்துக்கு மேடேறும்போது பிடித்துக்கொண்டது. பக்கக் கதவைத் திறந்ததும் ஆர்கனுக்கு அருகே ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தேன். நற்கருணைப் பேழையின் முன் தொங்கும் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையின் சாம்பலைத் தூபக் கலசத்திலிருந்து கொட்டிவிட்டுக் கலசத்தைத் துடைத்தேன். பிறகு வெஸ்ட்ரி என்ற உடுப்பறையின் மேசையில் குருவானவரின் உடுப்புகளை அடுக்கினேன். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவர் கடைசியாக அணிவது அடியில் இருக்க வேண்டும், முதலில் அணிவது மேலே. ஆகவே பச்சை மேலாடையை முதலில் விரித்து, அதன்மேல் தோள்பட்டி, இடைக்கயிறு, வெள்ளை அங்கி, எல்லாவற்றுக்கும் மேலே கழுத்துத் துணி. பீடத்தில் வலப்பக்க மெழுகுதிரியை முதலில் ஏற்றினேன், இடப்பக்கத்தைப் பிறகு. அணைக்கும்போது இந்த வரிசை மாறும். காலை வழிபாட்டுக்கு வழக்கமான நாலைந்து பேர் வந்தார்கள், போனார்கள்.

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை ஒரு சவப்பெட்டி வருவதாக இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெற்றபின் அந்த ஆலயத்தில் என் இடத்தில் வேலை பார்க்கும், டொங்காத் தீவிலிருந்து வந்த பெண்மணி. சென்ற மாதம் அவர் தொலைபேசியில் அழைத்து, வேறொரு சபையின் போதகர் இறந்திருக்கிறார், இங்கே அடக்க ஆராதனை, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார். இரண்டே சொல்லில் பதில் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு, அந்தப் பதில் எங்கள் ஆலயத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோர் என்ற நில அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். எண்பதுகளின் முடிவில் இந்த நாட்டுக்கு வந்து நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் சாமான் பொதி செய்தேன். பிறகு நகரத்து ஆலயம் ஒன்றில் வேர்ஜர் வேலை கிடைத்தது. ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, பீடத்தை ஆயத்தம் செய்வது, ஊர்வலத்தில் குருவானவருக்கு முன்னே கோல் பிடித்து நடப்பது எல்லாம் வேர்ஜரின் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் நண்பர் இதைக் கேட்டதும், "அப்ப நீங்க கோயில்பிள்ளைன்னு சொல்லுங்க" என்றார். முழங்கால்கள் மறுக்கும்வரை, அறுபதாகும் முன்பே ஓய்வு பெறும்வரை, அந்த வேலையில் இருந்தேன். அதைப் பெருமையாகவே சொல்வேன்.

பெருமை உடனே வரவில்லை. ஊரில் நாங்கள் ஆங்கிலிக்கன் சபையார்தான். ஆனால் எங்கள் ஆலயத்தில் ஒரு மேசை, ஒரு வேதாகமம், வெள்ளையடித்த சுவர், அவ்வளவுதான். சாம்பிராணியும் மணியும் கத்தோலிக்கருக்கும் கோவிலுக்கும் உரியவை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த நகரத்து ஆலயமும் ஆங்கிலிக்கன்தான், ஆனால் இங்கே ஆறு மெழுகுதிரி, பட்டு உடுப்பு, பாவசங்கீர்த்தனப் பெட்டி, மாதாவின் சிலை. முதல் ஞாயிறு என்னுடன் வந்த என் மனைவி கமலா, வீடு திரும்பும் ரயிலில் சேலைத் தலைப்பைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தாள். வீட்டுக் கதவைத் திறந்தபிறகுதான் சொன்னாள்:

"பூசை வைக்கிற இடத்திலையோ உங்களுக்கு வேலை? சாம்பிராணிப் புகைக்குள்ளை உங்களைத் தேட வேண்டிக் கிடந்துது."

"சம்பளம் புகைக்குள்ளை இல்லை, கையிலைதான் தருவினம்" என்றேன்.

பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆலயத்துக் குருவானவர் ஃபாதர் வின்டன் செய்வதைப் பார்த்தேன், அவர் சொன்னதைச் செய்தேன், ஓர் ஆண்டு போனது. அவர் உயரமான, மெலிந்த மனிதர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மடிப்பார். பேசாமலிருக்க முடிவெடுத்தால் திரும்பவும் மாட்டிக்கொள்வார். என்னைக் கடைசிவரை "மிஸ்டர் ஜெயராஜ்" என்றே அழைத்தார். ஒரு பெரிய திருநாளில் தூபக் கலசத்திலிருந்து ஒரு கரித்துண்டு கம்பளத்தில் விழுந்தது. எல்லாரும் பதறினார்கள். அவர் பாடிக்கொண்டே ஓர் எட்டு முன்னே வைத்துச் சப்பாத்தால் அதை மிதித்தார். பாட்டு ஓர் அசைகூடத் தடுமாறவில்லை. பிறகு யார் தவறென்று கேட்கவும் இல்லை. இப்போதும் கம்பளத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கிறது.

எதற்கும் அவரிடம் காரணம் கேட்கலாம். கேட்டால் மகிழ்வார். அவர் சொல்லித்தான் ஆலயத்தின் பழைய கதைகள் எனக்குத் தெரியும். துறைமுகத் தொழிலாளரும் சலவைப் பெண்களும் வாடகை அறைகளில் வாழ்ந்த காலத்தில் கட்டிய ஆலயம் அது. முதன்முதலில் சாம்பிராணி போட்ட நாளில் வசதியான குடும்பங்கள் எழுந்து வேறு ஆலயத்துக்குப் போய்விட்டனவாம். தங்கியவர்கள் ஏழைகள். "வீட்டில் அழகான பொருள் ஒன்றும் இல்லாதவர்கள். இங்கே இருந்த பட்டும் வெள்ளியும் அவர்களுக்கும் சொந்தம்" என்றார் ஃபாதர். அதைக் கேட்ட நாளிலிருந்து வெள்ளிப் பாத்திரங்களை நான் துடைக்கும் விதமே மாறியது.

இந்த ஒழுங்குகளுக்கு இன்னொரு காவலர் இருந்தார். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் வார்டன் பெல்லமி. கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் திருநாளுக்கு எந்த நிறம், எத்தனை தரம் தலைவணங்குவது எல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த வழிபாட்டைக் காப்பாற்ற முன்னோர் எவ்வளவு ஏச்சு வாங்கினார்கள் என்பதை அவர் மறந்ததே இல்லை. அவருடைய பாட்டனார் அந்த ஏச்சு வாங்கியவர்களில் ஒருவர்.

இனி போதகர் நவரத்தினம்.

அவரும் மனைவியும் 1995 போர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறி, கொழும்பில் காத்திருந்து, மகள் சாந்தியிடம் வந்து சேர்ந்தவர்கள். சாந்தியின் வாடகை வீடு எங்கள் ஆலயத்திலிருந்து நடக்கும் தூரம். அதனால்தான் அவர் அங்கே வந்தார். வழிபாட்டு முறை அவருக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கடைசி வாங்கில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். தூபம் எழும்பியதும் கைக்குட்டை மூக்குக்குப் போகும். வெளியே வரும்போது என்னிடம், "தம்பி, ஆண்டவருக்கு மூக்கு நல்லாத்தான் கிடக்கு. இவ்வளவு தேவையில்லை" என்பார்.

ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் போதகராக இருந்தவர். எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், எத்தனையோ பேரை அடக்கம் செய்தவர். இங்கே அவரை யாரும் பீடத்தின் பக்கம் அழைக்கவில்லை. ஃபாதர் வின்டன் மரியாதையாகக் கைகுலுக்கி "மிஸ்டர் நவரத்தினம்" என்பார். அவரும் வேறு எதையும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் நெஞ்சுச் சளி பிடித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார்.

எங்கள் ஆலயத்து வழக்கம் இது. அடக்கத்துக்கு முதல்நாள் மாலையே பெட்டி வரும். வாசலில் தீர்த்தம் தெளித்து, உள்ளே கொண்டுவந்து, நடுவில் சில்லு வைத்த உருட்டுத் தாங்கியில் வைப்போம். இரு பக்கமும் மும்மூன்றாக ஆறு மெழுகுதிரிகள். வெள்ளை மெழுகு அல்ல, வெளுக்காத மஞ்சள் மெழுகு. சபையாரில் ஒருவர் என்றால் கால்கள் பீடத்தின் பக்கம் இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் பீடத்தைப் பார்ப்பார். குருவானவர் என்றால் தலை பீடத்தின் பக்கம், எழுந்து உட்கார்ந்தால் தன் மக்களைப் பார்ப்பார். இந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர, மரணத்தில் குருவானவருக்கு வேறு சலுகை அதிகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் போதகரின் மனைவியும் சாந்தியும் வெஸ்ட்ரிக்கு வந்தார்கள். மனைவியை எல்லாரும் ரீச்சர் என்றே அழைப்பார்கள். ஊரில் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார்:

"இண்டைக்கு எனக்கு இங்கிலிஸ் வருகுதில்லை, தம்பி. நீங்கள் சொல்லுங்கோ."

ஃபாதர் சொல்வதைத் தமிழிலும் ரீச்சர் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லத் தொடங்கினேன். பெட்டியை எப்படி வைப்போம் என்று விளக்கியபோது ரீச்சர் நிமிர்ந்தார்.

"அப்ப இவரை எந்தப் பக்கம் வைப்பியள்?"

"எல்லாரையும்போலை, கால் பீடத்தின்ரை பக்கம்."

"உங்கட போதகர்மாரை?"

சொன்னேன்.

"அப்ப இவரையும் அப்பிடி வையுங்கோ. அவர் நாலு தலைமுறைச் சனத்தைப் பாத்துக்கொண்டு நிண்ட மனுசன். இஞ்சை வந்து ரெண்டு வருசமா ஆற்றையோ முதுகைப் பாத்துக்கொண்டு இருந்தவர். வெளிநாட்டிலை எல்லாரும் அப்பிடித்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் போகேக்கையும் அப்பிடிப் போக விடமாட்டன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஃபாதர் வின்டன் கண்ணாடியைக் கழற்றினார். அருகே நின்ற பெல்லமி தொண்டையைச் செருமினார். ஃபாதர் கேட்க வேண்டிய கேள்வி எது என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் ஆலயத்தின் அடையாளமே தங்கியிருக்கும் கேள்வி அது. பேராயர் ஒருவர் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்தவரே எங்களுக்குக் குருவானவர். போதகர் நவரத்தினத்தின் சபை அமெரிக்க மிஷன் வழி வந்தது. பிற்காலத்தில் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்து பேராயரை வைத்துக்கொண்டன. போதகர் ஊழியத்துக்கு வந்ததோ அந்த இணைப்புக்கு முன்பு.

"பேராயர் அவர் தலையில் கைவைத்தாரா என்று கேளுங்கள், மிஸ்டர் ஜெயராஜ்" என்றார் ஃபாதர்.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். ரீச்சர் வாயைத் திறக்கும் முன் சாந்தி என் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணை, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே. ஆர் போய் பாக்கப்போயினம்?"

ஃபாதருக்கும் பெல்லமிக்கும் தமிழ் தெரியாது. ரீச்சர் மறுத்துப் பேச மாட்டார் என்றும் அந்தக் கணத்தில் நினைத்தேன். ஒரு "யெஸ்" போதும், எல்லாம் முடிந்துவிடும்.

ரீச்சர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பொய்யிலை படுக்க வைக்கிறதுக்கோ நான் கேட்டனான்? நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ, தம்பி. அவற்றை தலையிலை பிஷப் கை வைக்கேல்லை. அப்ப எங்கட சபையிலை பிஷப்பே இல்லை. போதகர்மாரும் மூப்பர்மாரும் சேர்ந்து கை வைச்சவை. பிறகு பிஷப் வந்தவர். வந்து, நீங்கள் செய்து வந்ததைச் செய்யுங்கோ எண்டவர். அவ்வளவுதான்."

ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். காணிக் கந்தோரில் எல்லைக்கல் பார்த்து எழுதிய கைக்கு அது பழக்கம். ஆனால் எந்த எல்லையும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

பெல்லமி மென்மையாகத்தான் பேசினார். "நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் ஃபாதர், இதை எல்லாருக்கும் கொடுத்தால் இதற்குப் பொருளே இல்லாமல் போகும். இதற்காகத்தானே என் பாட்டனார் தெருவில் ஏச்சு வாங்கினார்?"

ஃபாதர் வெஸ்ட்ரி அலுமாரியைத் திறந்து ஒரு ஊதாத் தோள்பட்டியை எடுத்தார். "பெட்டியின்மேல் இதை வைக்கலாம். ஊழியக்காரர் என்பதற்கு அடையாளம்" என்றார். இரு தரப்பையும் தாங்கும் வழி என்று நினைத்திருப்பார்.

ரீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார். நல்ல பட்டு. "வடிவாக் கிடக்கு. ஆனால் அவர் ஒரு நாளும் போடாததைப் போட்டு அனுப்பக் கூடாது. எனக்கு உங்கட உடுப்பு வேண்டாம், தம்பி. திசை மட்டும் போதும்."

இதையும் சொன்னேன். ஃபாதர் தோள்பட்டியை மடித்து உள்ளே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்று மாலை வழக்கம்போல் வைப்போம். அதற்குமேல் இப்போது என்னால் சொல்ல முடியாது" என்றார். ரீச்சர் தலையசைத்தார். வெளியே படியில் சாந்தி என் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்தாள்.

மாலையில் பெட்டி வந்தது. ஆலயத்தில் அவ்வளவு தமிழ்ச் சனத்தை நான் அதுவரை கண்டதில்லை. நகரத்துக்குத் தெற்கே பாபகூராவிலிருந்து ரயிலில் வந்தவர்கள், மன்னார்க் கத்தோலிக்கர், நெற்றியில் திருநீற்றோடு சாந்தியின் பக்கத்து வீட்டுக்காரர், வேலைச் சீருடையோடு வந்த பெண்கள். தூபக் கலசத்தில் வழக்கத்தில் பாதிக் கரியே போட்டேன். போதகரின் மூக்கை நினைத்து அப்படிச் செய்தேன். ஃபாதர் கவனித்தார், கலசத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்.

பெட்டியை வழக்கப்படி வைத்தோம். கால்கள் பீடத்தின் பக்கம், தலை கதவின் பக்கம். தமிழ்ச் சனத்தின் வழக்கத்துக்காக முகப்பக்க மூடியைத் திறந்து விட்டார்கள். ஜெபம் முடிந்ததும் ஃபாதர் ஓரமாகப் போய் நின்றார். சனம் பார்க்கத் தொடங்கியது.

அப்போதுதான் அது நடந்தது. கதவுப் பக்கமிருந்து வந்தால் இறந்தவரின் உச்சந்தலைதான் தெரியும். முகத்துக்கு நேரே நிற்காமல் எங்கள் சனம் எப்படி விடைபெறும்? முதலில் ஒருவர் பெட்டியைச் சுற்றிப் பீடத்தின் பக்கம் போனார். பின்னால் நாலு பேர். பிறகு எல்லாரும். பீடத்துப் படிவரை ஏறி நின்று, போதகரின் முகத்தைப் பார்த்தபடி, ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்கள். ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. அத்தனை பேரும் பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த ஆலயத்தில் பீடத்துக்கு முதுகு காட்டிப் பாடியதை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பெல்லமியின் முகம் வெளிறியது. என்னிடம் விரைந்து வந்து, அவர்களைத் தயவுசெய்து இறங்கச் சொல்லுங்கள் என்றார். என் திருநெல்வேலி நண்பர்தான் ஓரத்தில் நின்றார். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஏன் சார் தள்ளி நிக்கணும்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "ஐயா அந்தப் பக்கம்ல பாத்துக்கிட்டிருக்காரு? அவருக்கு முன்னால நிக்காம அவரு தலைக்குப் பின்னாலயா நின்னு பாடுறது?"

பெல்லமிக்கு இதை மாற்றிச் சொல்லத் திரும்பினேன். ஃபாதர் வின்டன் இடையில் வந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். பாட்டு நீளம். ஒருவரையும் இறக்கவில்லை.

சனம் கலைந்த பிறகு, நான் கதவுகளைச் சாத்தும்போது, அவர் பெட்டியின் அருகே போய் நின்றார். கண்ணாடி கையில் மடிந்திருந்தது.

"மிஸ்டர் ஜெயராஜ், அவருடைய ஆலயத்தில் நற்கருணை நேரத்தில் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்?"

"சனத்தை, ஃபாதர். எப்போதும் சனத்தை. மேசைக்குப் பின்னால் நின்று."

"நான் முப்பது வருடமாக என் மக்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன். எங்கள் முறை அது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நான் செத்தால் என்னை அவர்களைப் பார்க்கவைத்துக் கிடத்துவார்கள்." பெட்டியின் விளிம்பில் கைவைத்தார். "இவர் பேராயரால் அபிஷேகம் பெற்றவர் என்று என்னால் சொல்ல முடியாது. பெறவில்லை. ஆனால் சபையார் எங்கே நிற்க வேண்டும் என்று சபையாரைவிட யாருக்குத் தெரியும்? அவர்களே போய் நின்று காட்டிவிட்டார்கள். நாளை காலை அவர்கள் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும். ஆகவே அவர்களை வாங்குகளின் பக்கம் வரவைப்பதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, இவரை அவர்கள் பக்கம் திருப்புவது."

பெல்லமி கடைசி வாங்கில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தார், பீடத்துக்குத் தலைவணங்கினார், வெளியே போனார். நாளை அவர் வர மாட்டார் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம்.

பிறகு வந்த ஆண்டுகளில் வேறு சபைப் போதகர்கள் சிலரையும் அந்த ஆலயத்திலிருந்து வழியனுப்பியிருக்கிறோம். எவருக்கும் மறுபடி அந்த விவாதம் நடக்கவில்லை. தொலைபேசியில் அந்தப் பெண்மணியிடம் நான் சொன்ன இரண்டு சொல், "பீடத்தின் பக்கம்" என்பதுதான். அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததில் எனக்கு இன்றும் பெருமை. ஃபாதர் வின்டன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ரீச்சர் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே நின்று சொற்களை அப்படியே கொண்டுபோனவன் நான்.

அந்தப் புதன்கிழமை காலை விடியும் முன்னரே ஆலயத்தைத் திறந்தேன். ஃபாதர் ஏற்கெனவே கறுப்பு அங்கியோடு உள்ளே நின்றார். விளக்குகளைப் போட்டு, ஆறு மெழுகுதிரிக் கால்களையும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினேன். பெட்டியைத் தாங்கியோடு திருப்ப நடுப்பாதையில் அகலம் போதாது. சில்லுகளின் பூட்டைத் திறந்து, பீடத்துப் படிக்குக் கீழுள்ள வெளிக்குத் தள்ளிக்கொண்டுபோய், அங்கே அரைவட்டமாகத் திருப்பிப் பின்னோக்கி எடுத்துவர வேண்டும். இரண்டு பேருக்கு அது பாரம்.

பக்கக் கதவு திறந்தது. பெல்லமி மழைச் சட்டையைக் கழற்றிக் கொழுவியில் மாட்டினார். கறுப்புக் கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து. பெட்டிவரை நடந்து வந்தார்.

"இது தவறென்றே இப்போதும் நினைக்கிறேன், ஃபாதர்" என்றார். "நான் எந்தப் பக்கத்தைப் பிடிக்க?"

"தலைப்பக்கம்" என்றார் ஃபாதர்.

நான் கால்பக்கம் போனேன். மூவருமாகப் பெட்டியைத் திருப்பினோம்.